ஒப்படைக்கக் கூடியதும் ஒப்படைக்கக் கூடாததும்

ஒரு கடமையை நாம் ஏற்றுக்கொள்ளுகிறோம். அதைச் செய்ய நேரமில்லை; அல்லது அறிவு போதவில்லை; அல்லது மனமில்லை. ஆகவே அதை மற்றொருவரிடம் ஒப்படைத்து விடுகிறோம். அவர் செய்தால் நாம் செய்ததாகுமா? அவர் செய்யத் தவறினால் அத்தவறு யாருடையது? இக்கேள்வி மந்திரிகளுக்கும் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். நம் தெருவிலுள்ள ஆரம்பப் பள்ளியின் குழுவில் அங்கத்தினராயிருக்கும் ஒரு தாயின் முன்னும் இதே கேள்வி நிற்கிறது.

சித்தூரைச் சுற்றியுள்ள கிராமம் ஒன்றை மனத்திற் கொள்வோம். ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கும் காலமும் தோத்தாபுரி மாங்காய் வண்டி வண்டியாய் வந்து குவியும் காலமும் அங்கே ஒன்றே. மாங்கூழ் ஆலைகளில் கூலி கிடைக்கும் சில வாரங்கள் அவை; அவற்றை விட்டால் மறுபடி அடுத்த வருஷந்தான். ஆலைக்குப் புறப்படும் ஒரு தாயிடம் பள்ளிச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து தீர்மானப் புத்தகத்தை நீட்டுகிறான். "அம்மா, பெரிய சார் இதிலே ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்." பக்கத்தில் எழுதியிருப்பது தெலுங்கு. அந்த அம்மையார் வீட்டில் பேசுவதும், சிறு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்ததும் தமிழ். கேட்டால் நேரமாகும், நேரமானால் கூலி போகும். கையெழுத்துப் போடுகிறார்.

அப்புத்தகம் என்ன சொல்லுகிறது? அன்று பகல் குழு கூடிற்று என்றும், அந்த அம்மையார் வந்திருந்தார் என்றும், வரவுசெலவுக் கணக்கைப் பரிசீலித்து ஏகமனதாக ஒப்புக்கொண்டார் என்றும் சொல்லுகிறது. அவர் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆயினும் அவர் பெயரால் ஒரு பொய் பிறந்துவிட்டது. தலைமை உபாத்தியாயரும் தீயவரல்லர். குறித்த தேதிக்குள் மேலிடத்துக்குக் காகிதம் அனுப்பியாக வேண்டும், கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை, என் செய்வார்? கெட்டவர் ஒருவருமில்லை, ஆனால் நடக்க வேண்டியது நடக்கவில்லை. நாம் ஆராய வேண்டியது இந்த நிலையைத்தான்.

முதலில் சட்டம் அந்தத் தாயிடம் எதைக் கொடுத்திருக்கிறது என்று பார்ப்போம். ஆந்திர தேசத்தில் பெற்றோரைக் கொண்ட பள்ளிக் குழுக்களுக்கு 1998-ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டம் பிறந்தது. பின்னர் நாடு முழுமைக்கும் 2009-இல் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, 2010-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவின்படி சர்க்கார் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் ஒரு குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கேற்ற இடம் உண்டு. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை அக்குழுவின் வேலைகள். மத்திய சர்க்கார் 2010-இல் வெளியிட்ட மாதிரி விதிகள் இன்னும் விரித்துக் கூறுகின்றன: மாதம் ஒருமுறையேனும் கூட வேண்டும், நடவடிக்கைகளை எழுதி யாவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும், மதிய உணவைக் கவனிக்க வேண்டும், குழந்தையை அடித்தாலும் இழிவுபடுத்தினாலும் சேர்க்க மறுத்தாலும் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தலைவர் பெற்றோருள் ஒருவர். தலைமை உபாத்தியாயர் கூட்டத்தைக் கூட்டுபவர் மாத்திரமே.

இது வெறும் காகித அதிகாரமன்று. 2019-ஆம் வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி ஆந்திர சர்க்கார் 'மன படி நாடு–நேடு' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, முதற் கட்டத்தில் 15,715 பள்ளிகளின் குடிநீர், கழிப்பிடம், பழுதுபார்த்தல் முதலிய வேலைகள் பெற்றோர் குழுக்கள் மூலமாகவே நடத்தப்பட்டன. சித்தூர் ஜில்லாவிலும், 2022 ஏப்ரலில் அதனின்று பிரிந்த திருப்பதி ஜில்லாவிலும், கூலி வேலை செய்யும் தகப்பனும் தாயும் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் பொறுப்பாளியானார்கள்.

இந்த இடத்தின் அருமையை உணரப் பழங்காலத்தைச் சற்று நோக்குவோம். சித்தூரும் திருப்பதியும் அடங்கிய அதே தொண்டை மண்டலத்திலேதான் உத்தரமேரூர் இருக்கிறது. முதற் பராந்தக சோழனது காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் ஏற்பட்ட முடிவுகளை அவ்வூர்க் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பல குழுக்கள். குடவோலை மூலம் தேர்தல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்ற கண்டிப்பு. பிறர் பொருளைக் கையாண்டவன் தானே கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஆயிரம் வருஷங்களுக்கு முன்னே நம் நாட்டார் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர் இடப்பட்டது? நிலமும் வேதக் கல்வியும் உடையவர் பெயரே இடப்பட்டது. நிலத்தை உழுதவரின் பெயரும், ஏரியை வெட்டியவரின் பெயரும் அதில் இல்லை. அன்று குடத்தில் நுழையாத பெயர் இன்று சட்டத்தின் பலத்தால் தீர்மானப் புத்தகத்தில் நுழைந்திருக்கிறது. அப்பெயரை மற்றொருவர் தம் விருப்பப்படி எழுதிக்கொள்ள விட்டுவிட்டால், இழப்பது ஒரு கையெழுத்தை மட்டுமா?

இனி, ஒருவர் தம் கடமையைப் பிறரிடம் ஒப்படைக்கவே கூடாதா என்ற கேள்விக்கு வருவோம். ஒப்படைக்காமல் எந்த ஸ்தாபனமும் நடவாது. குழு முழுவதும் சேர்ந்து சமையற்கூடத்தில் அரிசி அளக்க முடியாது. கணக்கை ஒருவர் எழுத வேண்டும். சுவரை ஒரு கொத்தனார் கட்ட வேண்டும். ஆகவே ஒப்படைப்பில் இரண்டு வகை உண்டென்று நாம் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, வேலையை ஒப்படைப்பது. மற்றொன்று, தீர்மானிக்கும் புத்தியையும் பதில் சொல்லும் பொறுப்பையும் ஒப்படைப்பது. முன்னது உதவி பெறுதல். பின்னது பதவியைக் கைவிடுதல்.

சட்ட அறிஞரும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே இருக்கின்றனர். 1882-ஆம் வருஷத்து இந்திய டிரஸ்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, டிரஸ்டியானவர் தம் பதவியையோ கடமைகளையோ பொதுவாகப் பிறரிடம் ஒப்படைக்கலாகாது என்கிறது. டிரஸ்டுப் பத்திரம் அனுமதித்தாலும், வழக்கமான அலுவல் முறையில் அமைந்தாலும், அவசியமானாலும், பயன்பெறுவோர் தக்க வயதுடையவராயிருந்து சம்மதித்தாலும் ஒப்படைக்கலாம் என்று விலக்குக் கூறுகிறது. சுயமாகத் தீர்மானிக்க வேண்டாத இயந்திரம் போன்ற காரியத்துக்கு ஆள் வைப்பது ஒப்படைப்பே ஆகாது என்றும் விளக்குகிறது. இச்சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கு ஏற்பட்டது. பள்ளிக் குழுவை இது நேரே கட்டுப்படுத்தாது. ஆயினும் இது காட்டும் அளவுகோல் நமக்கு உதவும். பயன்பெறுவோர் சம்மதம் என்பதைக் கவனியுங்கள். பள்ளியில் பயன்பெறுவோர் யார்? ஆறு வயதும் எட்டு வயதும் உடைய குழந்தைகள். 'உங்கள் விஷயத்தை நாங்கள் பாராமல் விட்டுவிடலாமா?' என்று அவர்களைக் கேட்டுச் சம்மதம் பெற எவராலும் இயலாது. ஆகவே அவர்களுக்காக நிற்பவரின் கடமை மற்றெந்தக் கடமையைக் காட்டிலும் இறுக்கமானது.

இங்கிலாந்து தேசத்தில் பள்ளி நிர்வாகக் குழுக்கள் தம் வேலைகள் பலவற்றைத் தலைமை உபாத்தியாயரிடமோ சிறு குழுக்களிடமோ ஒப்படைக்கச் சட்டமே இடந்தருகிறது. ஆனால் 2013-ஆம் வருஷத்து விதிகள் கூடவே சில கட்டுப்பாடுகளையும் வைக்கின்றன: ஒப்படைத்ததை வருஷந்தோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டும், பெற்றுக்கொண்டவர் தாம் செய்ததைக் குழுவுக்கு வந்து தெரிவிக்க வேண்டும். அதாவது, கொடுத்த கயிற்றின் ஒரு நுனி கொடுத்தவர் கையிலேயே இருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு ஆக்ஷேபணைகள் எழலாம். முதலாவது: 'தலைமை உபாத்தியாயர் படித்தவர், அனுபவசாலி, எழுத்தறியாத தாய்க்குக் கணக்கைப் பற்றி என்ன தெரியும்? அறிந்தவரை நம்பி விடுவதுதானே அறிவுடைமை?' என்பது. வள்ளுவரும் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரு அதிகாரங்கள் வகுத்து, ஆராய்ந்து ஒருவரைத் தேர்ந்தபின் அவரை நம்பிக் காரியத்தை விட வேண்டும் என்று உபதேசித்தார் அன்றோ எனக் கேட்கலாம். உண்மை. ஆனால் அங்கே ஆராய்ச்சி முன்னே நிற்கிறது. நம்பிக்கை அதன் பின்னே வருகிறது. ஆராயாமல் விடுவதற்கு நம்பிக்கை என்று பெயரில்லை. அது சோம்பல், அல்லது பயம். மேலும், பாட போதனை எப்படி என்பதை உபாத்தியாயரே நன்கறிவார். அதில் தாய் தலையிட வேண்டியதில்லை. மதிய உணவு வெந்திருந்ததா, வேகாதிருந்ததா என்பதையும், கழிப்பிடத்தில் தண்ணீர் வருகிறதா என்பதையும், தன் மகனைக் கடைசி வரிசையில் தனியே உட்கார வைக்கிறார்களா என்பதையும் அறிய எந்தப் பட்டம் வேண்டும்? இவ்விஷயங்களில் அந்தத் தாயே நிபுணர். சட்டம் அவரைக் குழுவில் அமர்த்தியது கணக்குப் புலமைக்காக அன்று, அவர் கண்ணுக்காக. அந்தக் கண்ணை அவர் மட்டுமே கொண்டுவர முடியும்.

இரண்டாவது ஆக்ஷேபணை பலமானது. 'ஒரு நாள் கூலியை இழந்து கூட்டத்துக்கு வா என்று ஏழைத் தாயைச் சொல்லுவது தர்மமா? அடுப்பெரிய வேண்டுமே!' என்பது. இதை நாம் அலட்சியமாகத் தள்ள முடியாது. வசதியுள்ளவன் தூங்கிக் கடமையை விடுவதும், வறியவள் உழைத்துக் கடமையை விடுவதும் ஒன்றாகா. மாங்கூழ் ஆலை நடக்கும் பருவத்தில், வேலை நாளில், பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைப்பவர் அந்தத் தாய் வரமாட்டார் என்பதை அறிந்தே வைக்கிறார். திருப்பதியில் யாத்ரீகர் விடுதிகளில் படுக்கை விரிப்பு மாற்றும் பெண்களுக்குப் பண்டிகைக் காலம்தான் வேலை மிகுந்த காலம். அப்போது கூட்டம் என்றால் அவர்கள் எப்படி வருவார்கள்? தமிழ் பேசும் பெற்றோர் உள்ள ஊரில் தெலுங்கில் மட்டும் எழுதி, வாசித்துக் காட்டாமல் ஒப்பம் கேட்பதும் அத்தகையதே. எனவே அந்தக் குற்றத்தில் பெரும்பங்கு, வர முடியாதபடி கூட்டத்தை அமைத்தவரைச் சேரும்.

ஆயினும் முழுப்பங்கும் அவரைச் சேரும் என்று சொல்லிவிட்டால், அந்தத் தாயை நாம் குழந்தை போல் நடத்தியவர்களாவோம். வர முடியாமற் போவது அவர் குற்றமன்று. வந்ததாக ஒப்பமிடுவது அவர் கையில் இருக்கிறது. சில இடங்களில் மனைவி அங்கத்தினர்; ஆனால் கூட்டத்தில் அமர்ந்து பேசுபவர் கணவர். 'அவளுக்கு என்ன தெரியும், நான் போய் வருகிறேன்' என்பார். பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் சொன்னது, அந்த இடத்தையும் ஆண்களே நிரப்புவதற்காக அன்று.

இங்கே நம் சங்கத்தின் பழைய ஒழுங்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. உபோசத நாளில் எல்லாப் பிக்குகளும் கூட வேண்டும். நோயுற்றுப் படுத்திருக்கும் பிக்கு என்ன செய்வது? அவர் தம் சம்மதத்தை மற்றொரு பிக்குவிடம் சொல்லி அனுப்பலாம் என்று பகவன் அனுமதித்தார். ஆனால் செய்தி கொண்டுவந்தவர் அதைச் சபையில் வெளிப்படையாகக் கூற வேண்டும். வராதவர் வராதவராகவே அறியப்பட்டார். அவர் சம்மதம் மட்டும் வந்தது. அதேபோல் சங்கத்தின் படுக்கையிடங்களையும் உணவு முறையையும் பகிர்ந்தளிக்கும் வேலை தப்ப மல்லபுத்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. அது ஒரு மூலையில் இரண்டு பேர் பேசி முடித்த காரியமன்று. சபையில் அறிவித்து, யாவரும் கேட்கும்படி, இன்ன வேலை இன்னாருக்கு என்று வரையறுத்துக் கொடுத்தார்கள். இத்தகைய வேலைகளை ஏற்பவர் விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் என்னும் நான்காலும் கோணாதவராயிருக்க வேண்டும் என்பதும் விதி.

பாயாசி என்னும் சிற்றரசனின் வரலாறும் நாம் அறிந்ததே. குமார கஸ்ஸபரிடம் வாதிட்டுத் தோற்றுத் தெளிந்தபின், அவன் ஏழைகளுக்கும் துறவிகளுக்கும் அன்னதானம் ஏற்படுத்தினான். ஆனால் மேற்பார்வையை உத்தரன் என்னும் இளைஞனிடம் விட்டுவிட்டான். இட்ட சோறு மட்டமானது. கொடுத்த துணி முரடானது. உத்தரன் அதைக் கண்டு மனம் நொந்து, அரசனோடு தனக்குள்ள தொடர்பு இவ்வுலகோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். அரசன் அழைத்துக் காரணம் கேட்டான். தான் காலாலும் தொடாத சோற்றையும் துணியையும் பிறருக்கு இடலாமா என்று உத்தரன் எடுத்துச் சொன்னான். அரசன் உடன்பட்டு, தான் உண்பதையும் உடுப்பதையும் போன்றவற்றையே கொடுக்கும்படி உத்தரனுக்கே மீண்டும் உத்தரவிட்டான். அப்போதும் தானே போய் ஒரு கவளம் இடவில்லை. இறந்தபின் அரசனுக்கு வாய்த்தது ஒரு வெற்று விமானம். தன் கையால் கவனத்தோடு கொடுத்த உத்தரனுக்கு வாய்த்தது முப்பத்துமூவர் உலகம். மறுமையைப் பற்றி வாசகர் எவ்விதம் கொண்டாலும் சரி, கருத்துத் தெளிவானது: பணம் அரசனுடையது, உத்தரவு அரசனுடையது; ஆயினும் மனம் எங்கே இருந்ததோ அங்கேதான் அறமும் இருந்தது.

'இவ்வளவும் ஒரு தீர்மானப் புத்தகத்துக்காகவா?' என்று கேட்பவருக்குக் கும்பகோணத்தை நினைவூட்டுவோம். 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி, ஒரே கட்டிடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துவந்த இடத்தில், மதிய உணவு சமைத்த கூடத்திலிருந்து கூரைக்குத் தீ பரவி 94 குழந்தைகள் மாண்டனர். ஓலைக் கூரை ஒளித்து வைக்கக் கூடிய பொருளன்று. இடுக்கான வழியும் அப்படியே. கண் உள்ளவர் யாரும் காணக் கூடியவை. ஆனால் கண்டு சொல்ல வேண்டியவர் ஒவ்வொருவரும் மற்றொருவர் கண்டிருப்பார் என்று எண்ணுவது எவ்வளவு எளிது! 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் சிலருக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அவர்களுள் சிலர் விடுவிக்கப்பட்டனர். சட்டம் தண்டிப்பது சிலரையே. பாராமல் போன கண்கள் எத்தனை என்று எண்ண எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. கும்பகோணத் துயரையும் கருத்திற் கொண்டு தொடரப்பட்ட ஒரு வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வி உரிமையில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பை நாள்தோறும் பார்ப்பவர் நீதிபதிகள் அல்லர்; அருகில் இருக்கும் நாமே.

ஆகவே, குழுவில் இடம்பெற்ற நம் சகோதர சகோதரிகள் எதையேனும் பிறரிடம் ஒப்படைக்குமுன் நான்கு கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வார்களாக. ஒப்படைப்பது வேலையையா, தீர்மானத்தையா? குழுவில் யாவரும் அறிய ஒப்படைத்தோமா, வாசற்படியில் நின்று ஒப்படைத்தோமா? செய்ததைத் திரும்ப வந்து சொல்லும்படி நாள் குறித்தோமா? தவறு நேர்ந்தால் 'நான் பொறுப்பு' என்று சொல்ல நம்மால் முடியுமா? நான்குக்கும் நேர்மையான பதில் கிடைத்தால் தயங்காமல் ஒப்படைக்கலாம். ஒன்றுக்கேனும் கிடைக்காவிட்டால், அது ஒப்படைப்பன்று, கைகழுவல்.

செய்வது கடினமன்று. கூட்டத்தை மாலையிலோ விடுமுறை நாளிலோ வைக்கும்படி கேட்கலாம், கேட்பது உரிமை. எழுதியதை நமக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டும்படி சொல்லலாம். வர முடியாத நாளில் 'வரவில்லை' என்றே எழுதச் சொல்லலாம், அதில் அவமானமில்லை. வெறும் பக்கத்தில் கையெழுத்து மட்டும் வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், ஆலைக்குப் போகும் வழியில், சமையற்கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். தலைமை உபாத்தியாயர்களுக்கும் இதில் நன்மை உண்டு: கூடவே பத்துப்பேர் பார்த்து ஒப்புக்கொண்ட கணக்கு, பிறகு வரும் பழியிலிருந்து அவரையும் காக்கும்.

மறுநாள் காலையில் அதே சிறுவன் அதே புத்தகத்தோடு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். 'கண்ணா, பெரிய சார்கிட்டே சொல்லு, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு போடுகிறேன்' என்று அந்தத் தாய் சொல்லி அனுப்புவாரானால், அன்று அவருக்குக் கூலியும் போகாது, பெயரும் போகாது. புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் அச்சிறுவனும், கையெழுத்து என்றால் என்ன என்பதை எந்தப் பாடப் புத்தகமும் கற்பிக்காத விதத்தில் அன்று கற்றுக்கொள்வான்.